ஒரு போருக்குக் கொதித்து இன்னொரு போருக்கு வாய் மூடுகிறவர் பேச்சை நம்பலாமா?

உங்கள் கேள்வியை எனக்குப் புரிந்தபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உக்ரைனுக்காகக் கொதித்தவர்களில் பலர் காஸா என்றதும் பூசி மெழுகுகிறார்கள். காஸாவுக்காகத் தெருவில் இறங்குகிறவர்களில் பலர் சூடானைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. 2003இல் இராக் மக்களின் விடுதலைக்காக உருகியவர்கள் அதற்கு முன்னால் சதாமுக்குக் கை கொடுத்தவர்கள். 'அப்படியென்றால் போர் பற்றிய இந்த அறச்சீற்றம் மொத்தமும் நடிப்புதானே, யார் பேசினாலும் நான் ஏன் காது கொடுக்க வேண்டும்?' என்று கேட்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது இரட்டை வேடம் பற்றிய கேள்வி. ஆனால் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன்: பேசுகிறவர் பாரபட்சமானவர் என்று தெரிந்த பிறகு, அவர் பேசும் விஷயத்தின் மதிப்புக் குறைகிறதா? என் பதில் இது. அடிபட்டவரின் வழக்கு இதனால் ஒரு துளியும் பலவீனமாகாது. ஆனால் பேசுகிறவர் அதற்கு மருந்தாக எதைச் செய்யச் சொல்கிறாரோ, அதை இரண்டு மடங்கு உற்றுப் பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் விவாதம் எங்கே தொடங்கினாலும் 'அப்போது நீ எங்கே போயிருந்தாய்?' என்பதில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

நான் ஒரு நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் நெடுங்காலம் குப்பை கொட்டியவன். சட்டம் படித்தவன் இல்லை. சட்டம் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் தீர்ப்புகளையும் விசாரணை அறிக்கைகளையும் வேலைக்காகப் படித்ததில் தெரிந்துகொண்டது, அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகமே இல்லாத பகுதியை முதலில் முடித்துவிடலாம். அரசுகள் ஆள் பார்த்துத்தான் கொதிக்கின்றன. 2023 மார்ச் 17 அன்று சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் புதின் மீது கைது ஆணை பிறப்பித்தது. உக்ரைன் குழந்தைகளைச் சட்டவிரோதமாக ரஷ்யாவுக்குக் கொண்டுபோனார் என்பது குற்றச்சாட்டு. நியாயமான நடவடிக்கை என்றார் அன்றைய அமெரிக்க அதிபர் பைடன் (அந்த நீதிமன்றத்தில் அமெரிக்கா உறுப்பினரே இல்லை என்பது வேறு கதை). 2024 நவம்பர் 21 அன்று அதே நீதிமன்றம் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகு மீது ஆணை பிறப்பித்தபோது, அதே பைடனுக்கு அது அக்கிரமமாகிவிட்டது. சரி, எதிர்ப்பக்கம் மட்டும் சுத்தமா? காஸாவுக்காக 2023 டிசம்பர் 29 அன்று இஸ்ரேல் மீது சர்வதேச நீதிமன்றத்தில் (இது நாடுகளுக்கு இடையிலான வழக்குகளைப் பார்ப்பது, மேலே சொன்ன குற்றவியல் நீதிமன்றம் வேறு) இனப்படுகொலை வழக்குத் தொடுத்தது தென்னாப்பிரிக்கா. அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில், ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்து ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் வாக்களித்தபோது ஒதுங்கி நின்ற 35 நாடுகளில் அதுவும் ஒன்று. 2015இல் இன்னும் மோசம்: டார்ஃபூர் பகுதியில் நடந்த கொலைகளுக்காகக் குற்றவியல் நீதிமன்றத்தால் தேடப்பட்ட சூடான் அதிபர் பஷீர் மாநாட்டுக்காக ஜோகன்னஸ்பர்க் வந்தபோது, அவரை நாட்டை விட்டு வெளியேற விடக்கூடாது என்று தென்னாப்பிரிக்க நீதிமன்றமே உத்தரவு போட்டும், விமானம் ஏறிப் போக விட்டுவிட்டார்கள். இதனாலெல்லாம் காஸா வழக்கில் தென்னாப்பிரிக்கா அடுக்கிய ஆவணங்கள் பொய்யாகிவிடுமா? ஆகாது. பைடன் ஆதரித்தார் என்பதால் புதின் மீதான குற்றச்சாட்டும் பொய்யாகிவிடாது. நீதிமன்றம் ஆவணத்தைத்தான் பார்க்க வேண்டும், அதைத் தூக்கிக்கொண்டு வந்தவரின் நடத்தைச் சான்றிதழை யாரும் கேட்பதில்லை.

ஒரு சம்பவத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் கேட்பதெல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. 1988 மார்ச் 16 அன்று, இராக்கின் வடக்கே ஈரான் எல்லையை ஒட்டியிருக்கும் ஹலப்ஜா என்ற குர்து ஊரின் மேல் சதாமின் விமானங்கள் விஷவாயுக் குண்டுகளைப் போட்டன. ஐயாயிரம் பேர் வரை செத்தார்கள். தகப்பன் கைக்குழந்தையை அணைத்தபடி வாசற்படியில் விழுந்து கிடக்கும் படத்தை நீங்களும் பார்த்திருக்கக்கூடும். படம் இருந்தது, வெளிநாட்டு நிருபர்களும் நேரில் போய்ப் பார்த்தார்கள், ஆகவே உலகத்துக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது இராக்-ஈரான் போர் நடந்துகொண்டிருந்த காலம், மேற்கு நாடுகளுக்கு ஈரான் ஜெயித்துவிடக் கூடாது. அமெரிக்க வெளியுறவுத் துறை, ஈரானும் வாயுக் குண்டு போட்டிருக்கலாம் என்று பழியைப் பங்கு பிரித்தது. மே மாதம் ஐ.நா. பாதுகாப்புச் சபை போட்ட 612ஆம் தீர்மானம் ரசாயன ஆயுதத்தைக் கண்டித்தது, ஆனால் குண்டு போட்டவர் பெயரைச் சொல்லாமல் இரு தரப்புக்கும் பொதுவாக அறிவுரை சொல்லி முடித்துக்கொண்டது. செப்டம்பரில் அமெரிக்க செனட் சபை இராக் மீது தடை விதிக்கும் மசோதாவை நிறைவேற்றியது, ரீகன் அரசு முட்டுக்கட்டை போட, அது சட்டமாகவே இல்லை. அப்போது ரீகனின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் காலின் பவல்.

பதினைந்து வருடம் கழித்து அதே ஹலப்ஜா, இராக் மீது படையெடுப்பதற்கான காரணங்களில் ஒன்றாக மேடை மேடையாக ஏறியது. 'சொந்த மக்கள் மீதே விஷவாயு போட்டவன்' என்ற வாக்கியத்தை அந்த மாதங்களில் எத்தனை தடவை ஏஜென்சி செய்தியில் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. 2003 செப்டம்பரில், படையெடுப்பு முடிந்து சில மாதங்களில், ஹலப்ஜாவில் கட்டிய நினைவு மண்டபத்தைத் திறந்து வைக்கப் போனவர் வெளியுறவு அமைச்சராகியிருந்த அதே பவல். கதை அங்கேயும் முடியவில்லை. 2006 மார்ச் 16, நினைவு நாள். பெரிய மனிதர்கள் வருடா வருடம் வந்து மாலை போட்டுவிட்டுப் போகிறார்கள், ஊருக்கு ரோடும் தண்ணீரும் மருத்துவமும் வந்தபாடில்லை என்று குர்து ஆட்சியாளர்கள் மீது கோபம் கொண்ட ஊர்க்காரர்கள் அந்த நினைவு மண்டபத்துக்கே தீ வைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஒரு உயிர் போனது. தங்கள் பிணங்கள் அடுத்தவருக்கு முதலீடாவதைப் பார்த்துக்கொண்டிருந்த கோபம் அது.

இதில் எது உண்மை, எது நடிப்பு என்று பிரித்துப் பாருங்கள். 2003இல் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு முழு உண்மை. சொன்னவர்களுக்கு அதைச் சொல்லும் தகுதி இருந்ததா என்றால், ரொம்பக் குறைவு. அவர்கள் கேட்ட மருந்தான படையெடுப்பு ஹலப்ஜாவுக்கானதா என்றால், இல்லவே இல்லை, 1988இல் நினைத்திருந்தால் ஒரு தடைச் சட்டத்திலேயே தொடங்கியிருக்கலாம். ஆக உண்மையான குற்றச்சாட்டு, தகுதியில்லாத வாய், சம்பந்தமில்லாத மருந்து மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் குடியிருந்தன. ஹலப்ஜாவுக்கு நீதி என்று ஏதாவது கிடைத்திருந்தால் அது வேறு வாசல் வழியாக, மெதுவாக வந்தது: சதாமுக்கு ரசாயனம் விற்ற ஒரு டச்சு வியாபாரியை நெதர்லாந்து நீதிமன்றம் 2005இல் போர்க்குற்றத்துக்கு உடந்தை என்று சிறைக்கு அனுப்பியது. 2010இல் இராக் நீதிமன்றம் தாக்குதலை நடத்திய தளபதி அலி ஹசன் அல் மஜீதுக்கு மரண தண்டனை விதித்தது. இரண்டுக்கும் படையெடுப்புக்குக் கிடைத்த அளவு செய்தியில் இடம் கிடைக்கவில்லை.

பாரபட்சம் என்பது வல்லரசுகளின் வியாதி மட்டும்தான் என்று சொல்கிறவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது 2009ஆம் ஆண்டு ஜெனீவாவில் நடந்த இரண்டு வாக்கெடுப்புகள். ஜனவரியில் காஸா மீது குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே ஐ.நா. மனித உரிமைப் பேரவை சிறப்புக் கூட்டம் கூட்டி, இஸ்ரேலைக் கண்டித்து விசாரணைக்கும் வழி செய்தது. ஆதரவு 33, எதிர்ப்பு கனடா மட்டும், பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி உட்பட 13 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. நான்கே மாதம் கழித்து, மே 27, இலங்கை. போர் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, முள்ளிவாய்க்காலில் எத்தனை பேர் செத்தார்கள் என்று எண்ணக்கூட ஆளில்லை. அதே பேரவை, இலங்கை அரசே எழுதிக் கொடுத்த வரைவை அடிப்படையாக வைத்து, போர் முடிந்ததை வரவேற்று, விசாரணை என்ற பேச்சே இல்லாமல் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 29, எதிர்ப்பு 12, ஒதுங்கியவை 6. இந்தியா, சீனா, ரஷ்யா, கியூபா, பாகிஸ்தான், தென்னாப்பிரிக்கா எல்லாம் இரண்டு தீர்மானங்களுக்கும் கை தூக்கின. ஜனவரியில் பொதுமக்கள் உயிர் பெரிதாக இருந்தது, மே மாதத்தில் இறையாண்மை பெரிதாகிவிட்டது. ஐரோப்பிய நாடுகளோ அப்படியே தலைகீழ்: காஸாவுக்கு ஒதுங்கியவர்கள் இலங்கைக்கு விசாரணை கேட்டார்கள். இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம், அதைத் தள்ளிவிட முடியாது என்று ஐ.நா. பொதுச்செயலரின் நிபுணர் குழு 2011இல் எழுதிய பிறகும், அன்று கை தூக்கியவர்களில் பலர் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆனால் அந்த இரண்டு வாக்குப் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். காஸாவுக்கு ஆதரவாகவும் இலங்கைத் தீர்மானத்துக்கு எதிராகவும், அதாவது இரண்டு தடவையும் செத்தவர்கள் பக்கம் நின்று வாக்களித்த நாடுகள் சரியாக இரண்டே இரண்டு: சிலியும் மெக்சிகோவும். இது தற்செயல் என்று தள்ளலாம், ஆனால் இதே இரண்டு நாடுகள்தான் 2003இல் பாதுகாப்புச் சபையில் இருந்தபோது, அமெரிக்காவின் நெருக்கடியையும் மீறி இராக் போருக்கு ஆதரவு தர மறுத்தன. 2022 மார்ச்சில் ரஷ்யாவைக் கண்டித்து வாக்களித்தன. 2024 ஜனவரியில் பாலஸ்தீன நிலைமையைக் குற்றவியல் நீதிமன்றத்தின் விசாரணைக்குச் சேர்ந்தே அனுப்பின. மெக்சிகோ ஒன்றும் புண்ணிய பூமி இல்லை. அதன் சொந்த மண்ணில் காணாமல் போனவர்களின் பதிவேட்டில் லட்சத்துக்கும் மேல் பெயர்கள் இருக்கின்றன. ரஷ்யா மீது பொருளாதாரத் தடை போடவும் அது மறுத்தது. இருந்தாலும் ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு வாக்களிப்பது மனிதரால் ஆகாத காரியம் என்ற பேச்சு பொய் என்பதற்கு இந்த இரண்டு பெயர்களும் போதும். எல்லாரும் இப்படித்தான் என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் தாங்கள் அப்படி இருப்பதற்கு அனுமதி கேட்கிறார்கள்.

இனி சாதாரண மனிதர்கள். இங்கே நான் அரசுகளிடம் காட்டும் கறாரைக் காட்ட மாட்டேன், ஏனென்றால் எந்தப் போர் உங்கள் கண்ணுக்கு வருகிறது என்பதை முடிவு செய்யும் இடத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி ஷிஃப்டில் வெளிநாட்டுப் பக்கம் முடிக்கும்போது ஜெருசலேமிலிருந்து ஏஜென்சிகள் மணிக்கொரு செய்தி அனுப்பும், படங்களோடு, பின்னணிக் குறிப்போடு, வரைபடத்தோடு. அங்கே பல பத்தாண்டுகளாக அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. கிழக்குக் காங்கோவிலிருந்து நாலு வரி வரும், அதுவும் நைரோபி தேதியிட்டு. படம் இருக்கிறதா என்று பக்க வடிவமைப்பாளர் கேட்பார், இருக்காது. நாலு வரி மூலையில் போகும், இடம் பத்தவில்லை என்றால் அதுவும் போகாது. இதில் யாரும் காங்கோ மக்களின் எதிரி இல்லை. 1994 ஏப்ரலில் ருவாண்டாவில் கொலைகள் தொடங்கிய வாரங்களில் ஆப்பிரிக்காவில் இருந்த வெளிநாட்டு நிருபர்களில் பெரும்பங்கு தென்னாப்பிரிக்காவில் கூடியிருந்தது, மண்டேலா நின்ற தேர்தலுக்காக. எத்தியோப்பியாவின் திக்ரே போரிலும் சூடானிலும் தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டன. 2025 அக்டோபரில் சூடானின் அல் ஃபாஷிர் நகரம் விழுந்தபோது நடந்த கொலைகளுக்குச் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சாட்சி தேட வேண்டியிருந்தது. காஸாவுக்குள் வெளிநாட்டு நிருபர்கள் சுதந்திரமாகப் போக இஸ்ரேல் விடவில்லை, ஆனால் அங்கே உயிரைப் பணயம் வைத்துப் படமெடுத்த உள்ளூர்ப் பத்திரிகையாளர்கள் இருந்தார்கள். அப்புறம், கதை ஒரு வரியில் அடங்க வேண்டும். பெரிய நாடு சின்ன நாட்டுக்குள் புகுந்தது என்றால் யாருக்கும் புரியும். புர்ஹான், ஹெமட்டி என்று இரண்டு தளபதிகள் சூடானைக் கிழித்துக்கொள்கிறார்கள், இரண்டு பேருமே அயோக்கியர்கள், பின்னால் வெளிநாட்டுப் பணமும் ஆயுதமும் என்றால் வாசகர் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

நிறவெறிக்கு இதில் பங்கு இல்லையா? இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். உலக சுகாதார அமைப்பின் தலைவர் டெட்ரோஸ், அவரே திக்ரேக்காரர், 2022 ஆகஸ்டில், திக்ரேயை உலகம் கண்டுகொள்ளாததற்கு ஒருவேளை அந்த மக்களின் தோல் நிறம்தான் காரணமோ என்று வெளிப்படையாகக் கேட்டார். ஆனால் எவ்வளவு பங்கு, எவ்வளவு தூரத்தால், எவ்வளவு இணையத் துண்டிப்பால், எவ்வளவு சலிப்பால் என்று பிரித்து எடை போட என்னிடம் தராசு இல்லை. அடித்துச் சொல்கிறவர்களிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

சாதாரண மனிதரின் பாரபட்சத்தில் நியாயமானது என்று நான் முழுசாக ஒப்புக்கொள்ளும் ஒன்று உண்டு: தன் அரசின் கை எங்கே இருக்கிறதோ அங்கே அதிகமாகக் குரல் கொடுப்பது. 2018 ஆகஸ்டில் ஏமனின் தஹ்யான் என்ற ஊரில் சவூதிக் கூட்டணியின் விமானத் தாக்குதலில் ஒரு பள்ளிப் பேருந்து சிதறி 40 பிள்ளைகள் செத்தார்கள். குண்டு அமெரிக்காவில் செய்தது. அதற்காக ஒரு அமெரிக்கர் தன் அரசைக் கேள்வி கேட்டுவிட்டு, தன் அரசுக்குப் பெரிய பிடி இல்லாத இன்னொரு போரைப் பற்றிப் பேசாமல் இருந்தால் அது கபடம் இல்லை. அவர் சத்தம் போட்டால் ஏதாவது மாறக்கூடிய இடத்தில் போடுகிறார், அவ்வளவுதான். ரஷ்யாவில் இருப்பவர் உக்ரைனைப் பற்றியும், இஸ்ரேலில் இருப்பவர் காஸாவைப் பற்றியும் பேசுவதற்கு இதே காரணத்தால் கூடுதல் எடை உண்டு. அதற்கு விலையும் கூடுதல்.

ஆனால் இந்த நியாயம் மௌனத்துக்கு மட்டும்தான் செல்லும், மறுப்புக்குச் செல்லாது. என் அரசின் குற்றத்தைத்தான் பேசுவேன் என்பது ஒன்று, எதிர்த் தரப்பு குற்றமே செய்யவில்லை என்பது முற்றிலும் வேறு. வியட்நாம் போரை எதிர்த்த மேற்கத்திய இடதுசாரிகளில் சிலர் 1975க்குப் பிறகு கம்போடியாவிலிருந்து தப்பி வந்த அகதிகள் சொன்னதை அமெரிக்கப் பிரசாரம் என்று ஒதுக்கினார்கள். 1978 ஆகஸ்டில் சுவீடனிலிருந்து ஒரு நட்புறவுக் குழு, சர்வாதிகாரி பொல் பாட் ஆண்ட கம்போடியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பாராட்டித் திரும்பியது. அவர் ஆட்சிக் காலத்தில் அங்கே செத்தவர்கள் 15 லட்சத்துக்குக் குறையாது. குழுவில் இருந்த குன்னார் பெர்க்ஸ்ட்ரோம் முப்பது வருடம் கழித்துத் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டார். ஒருவர் எதைப் பேசவில்லை என்பதைவிட, பேசாததைப் பற்றி யாராவது கேட்டால் என்ன சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். 'ஆமாம், அதுவும் கொடுமைதான், எனக்கு அதைப் பற்றி அதிகம் தெரியாது' என்றால் ஆள் பரவாயில்லை. உடனே அந்தப் பிணங்களை எண்ண ஆரம்பித்து, எண்ணிக்கையில் சந்தேகம் கிளப்பினால் புரிந்துகொள்ள வேண்டியதுதான்.

'அது மட்டும் என்னவாம்' என்று எதிர்க்கேள்வி போடுகிறவரையும் இதே மாதிரி சோதிக்கலாம். சூடானைப் பற்றி ஏன் பேசவில்லை என்று கேட்கிறவருக்குச் சூடானைப் பற்றிக் கூடுதலாகப் பேச வேண்டும் என்ற ஆசையா, இல்லை காஸாவைப் பற்றிக் குறைவாகப் பேச வேண்டும் என்ற ஆசையா? முந்தையது என்றால் அவர் கேள்வி நல்ல கேள்வி, பதில் சொல்லுங்கள். பிந்தையது என்றால் சூடான் மக்களை அவர் வாயடைக்கும் துணியாகப் பயன்படுத்துகிறார். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை: 'சரி, சூடானைப் பற்றியே பேசலாம், சொல்லுங்கள்' என்றால் அடுத்த வரி வராது. நீதிமன்றங்களும் 'நீயும்தானே செய்தாய்' என்ற வாதத்தைக் குற்றத்துக்கு எதிர்வாதமாக ஏற்பதில்லை. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான தீர்ப்பாயம் 2000 ஜனவரியில் குப்ரெஷ்கிச் வழக்கில் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதியது: எதிரி பொதுமக்களைக் கொன்றான் என்பது நீ கொன்றதற்குச் சமாதானம் ஆகாது. ஆனால் ஒரு சுவையான விலக்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாஜித் தலைவர்களை விசாரித்த நூரம்பெர்க் தீர்ப்பாயத்திலேயே இருக்கிறது. ஜெர்மன் கடற்படைத் தளபதி டோனிட்ஸ், எச்சரிக்கையில்லாமல் கப்பல்களை நீர்மூழ்கியால் மூழ்கடித்தார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. அவரது வக்கீல் அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸிடமே கேள்வி அனுப்பிப் பதில் வாங்கினார்: பசிபிக்கில் போரின் முதல் நாளிலிருந்தே நாங்களும் அதைத்தான் செய்தோம் என்று நிமிட்ஸ் ஒப்புக்கொண்டார். தீர்ப்பாயம் டோனிட்ஸ் விதியை மீறியதாகவே எழுதியது, ஆனால் அதற்காகத் தண்டனை அளக்கவில்லை, பத்து வருடச் சிறை மற்றக் குற்றங்களுக்குத்தான். விதி செல்லும், ஆனால் அதை நீயே மீறிவிட்டு இன்னொருவனை அதற்காகத் தண்டிக்க வந்தால் உன் கை கூசத்தான் வேண்டும் என்பது அதில் இருக்கும் நியாயம் என்று நான் படிக்கிறேன். சட்டம் தெரிந்தவர்கள் வேறுவிதமாகப் படிக்கலாம்.

தலையீடு என்ற விஷயத்துக்கு வந்தால்தான் எனக்கே தரை வழுக்குகிறது. 'அங்கே போகாதவர்கள் இங்கே ஏன் போகிறார்கள்?' என்ற கேள்வி நோக்கத்தைப் பற்றிய நல்ல கேள்வி. ஆனால் நோக்கம் கெட்டது என்பதால் விளைவும் கெட்டதாகத்தான் இருக்கும் என்று வரலாறு சொல்லவில்லை. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவம் நடத்திய கொலைகளுக்குத் தப்பி ஏறக்குறைய ஒரு கோடி அகதிகள் வந்த பிறகு இந்தியா போருக்குப் போனது. பாகிஸ்தானை உடைக்கும் கணக்கு டெல்லிக்கு இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கொலை நின்றது. ஆனால் போர் நடந்துகொண்டிருந்தபோதே ஐ.நா. பொதுச்சபை டிசம்பர் 7 அன்று போர்நிறுத்தமும் படை விலகலும் கேட்டு 104க்கு 11 என்று வாக்களித்தது. 1979 ஜனவரியில் வியட்நாம் படை பொல் பாட்டைத் துரத்தியது கருணையால் இல்லை, எல்லைச் சண்டையால். கொலைக்களங்கள் மூடப்பட்டன. அதற்குப் பரிசாக, துரத்தப்பட்ட பொல் பாட் தரப்புக்கே ஐ.நா. இருக்கையைப் பல வருடம் கொடுத்து வைத்திருந்தார்கள், அமெரிக்காவும் சீனாவும் கை தூக்க. அதே வருடம் தான்சானியா உகாண்டாவின் சர்வாதிகாரி இடி அமீனை விரட்டியது, தன் நிலத்துக்குள் புகுந்ததற்குப் பதிலடியாக. மறுபக்கம் ருவாண்டா: சுமார் நூறு நாளில் 8 லட்சம் பேர், நடுவில் ஏப்ரல் 21 அன்று பாதுகாப்புச் சபை அங்கிருந்த அமைதிப்படையை 270 பேராகக் குறைத்தது. கொலை நடத்திய அரசின் பிரதிநிதி அந்தச் சபையில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். சுத்தமான நோக்கம் வரும்வரை காத்திருந்தால் நடப்பது அது. லிபியாவுக்குள் 2011இல் மேற்கு நாடுகள் பாதுகாப்புச் சபை ஒப்புதலோடுதான் போயின, 10 ஆதரவு, எதிர்ப்பே இல்லை, இந்தியா உட்பட 5 பேர் ஒதுங்கல். பொதுமக்களைக் காக்க என்று தொடங்கியது ஆட்சி மாற்றமாக முடிந்தது. லிபிய நகரமான பென்காசியில் படுகொலை நடக்கப் போகிறது என்ற அச்சம் மிகைப்படுத்தப்பட்டது என்று பிரிட்டன் நாடாளுமன்றக் குழுவே 2016இல் எழுதியது. உண்மையில் நடந்திருக்குமா, நடந்திருக்காதா? நடக்காத ஒன்றை யாரும் எண்ணிக் காட்ட முடியாது, அந்தக் கேள்வி திறந்தேதான் கிடக்கும்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான், அதுவும் அரை மனதோடு. நோக்கத்தைப் பார்த்தால் ஒரு தலையீடு சரியா தவறா என்று தெரியாது, ஆனால் அதற்கு அடுத்த வருடம் என்ன ஆகும் என்று ஓரளவு தெரியும். ஹலப்ஜாவை 1988இல் மறந்தவர்கள் 2006இல் அதன் தண்ணீர்க் குழாயை நினைக்கப் போவதில்லை. ஆகவே ஒரு போருக்கு ஆதரவு கேட்டு வருகிறவரின் பழைய பாரபட்சப் பட்டியலை எடுத்துப் பாருங்கள், ஆனால் அதை வைத்து 'குற்றம் நடந்ததா?' என்று கேட்காதீர்கள், 'இவர் முடிக்கும்வரை இருப்பாரா?' என்று கேளுங்கள்.

இட்டுக்கட்டிய சீற்றம் பற்றியும் ஒரு வார்த்தை. 1990 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்ற மனித உரிமைக் குழு ஒன்றின் முன்னால் பதினைந்து வயதுக் குவைத்துப் பெண் அழுதுகொண்டே சாட்சி சொன்னாள்: இராக் சிப்பாய்கள் மருத்துவமனையில் இன்குபேட்டரிலிருந்து குழந்தைகளை எடுத்துத் தரையில் போட்டார்கள் என்று. அவள் அமெரிக்காவுக்கான குவைத்துத் தூதரின் மகள் என்பதும், சாட்சியம் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தின் ஏற்பாடு என்பதும் போர் முடிந்து 1992இல்தான் வெளியே வந்தது. இதில் கேடு என்னவென்றால், இராக் ராணுவம் குவைத்தில் நிஜமாகவே கொலையும் சித்திரவதையும் செய்தது, பொய்க்குத் தேவையே இருக்கவில்லை. முதல் உலகப் போரிலும் இதே கதை. 1914இல் ஜெர்மன் படை பெல்ஜியத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்களைக் கொன்றது உண்மை. அதற்கு மேல் குழந்தைகளின் கையை வெட்டினார்கள் என்று வதந்தி ஏற்றினார்கள். பிறகு அது பொய் என்று தெரிந்ததும் மொத்தமுமே பொய் என்று மக்கள் முடிவு கட்டினார்கள். 1940களில் யூதர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொல்கிறார்கள் என்ற செய்தி வந்தபோது 'இதைத்தான் போன போரிலும் சொன்னார்கள்' என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் பலர். எல்லாச் சீற்றமும் நடிப்பு என்று முடிவு செய்வதன் விலை இது. உங்கள் கேள்வியின் தொனியில் எனக்கு இருக்கும் ஒரே தயக்கமும் இதுதான்.

கடைசியாக, ஒரே ஒரு போரைப் பற்றி மட்டும் நான் பேசலாமா, அல்லது எல்லாவற்றையும் பேசினால்தான் தகுதியா என்று போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பேசலாம். எல்லாப் போருக்கும் சம அளவு துக்கம் காட்டச் சொன்னால் யாராலும் முடியாது, செய்திப் பிரிவில் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்த என்னாலேயே முடியவில்லை. உங்களுக்கு நெருக்கமான ஒன்றை எடுத்து ஆழமாகப் படியுங்கள், உங்கள் பக்கம் செய்த குற்றங்களையும் அதே கோப்பில் வையுங்கள், பொய்யென்று தெரிந்த செய்தியைப் பகிர்ந்த அதே இடத்தில் திருத்தம் போடுங்கள். யாராவது வந்து 'அங்கே மட்டும் ஏன் பேசவில்லை?' என்றால் கோபப்படாமல் அங்கே என்ன நடக்கிறது என்று அவரிடமே விவரம் கேளுங்கள். பத்தில் ஒருவருக்காவது நிஜமாகவே தெரிந்திருக்கும். சூடான் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அப்படிக் கேட்டு வந்ததுதான்.